கூப்பிடாமல் விட்ட தவிட்டுக்குருவி

"சார், உங்க கையாலதான் முதல் தட்டை வெக்கணும்" என்று கவிதா டீச்சர் போனில் சொன்னபோது நான் சரி என்று சொல்லவில்லை. "எந்தப் பக்கம் வெக்கப் போறீங்க?" என்று கேட்டேன். அவருக்கு அது விசித்திரமாக இருந்திருக்க வேண்டும்.

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளியில் இப்போது கவிதாதான் சூழல் மன்றத்தைப் பார்த்துக்கொள்கிறார். வெயில் ஏறத் தொடங்கியதும் பிள்ளைகளை ஆளுக்கொரு மண்தட்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பதற்கு. "நீங்கதான் இதை மொதல்ல ஆரம்பிச்சீங்களாம் சார். பெத்தவங்களே சொல்றாங்க. அப்புறம் ஏன் சார் விட்டுட்டீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் பல வருடங்களாக ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். பறவை எச்சத்தால் பிள்ளைகளுக்கு நோய் வரும் என்பேன். படித்தவன் சொல்வதால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அது உண்மையான காரணம் இல்லை. கவிதாவிடமும் அதையே சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "நேர்ல வந்து சொல்றேன்மா" என்று போனை வைத்தேன். போய்ச் சொல்லியும் விட்டேன். சொன்ன பிறகு மனசு எவ்வளவு லேசாகிவிட்டது என்பது இன்னும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அதனால்தான் எழுதவும் துணிகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருமுக்கூடல் பக்கம். விவசாயக் குடும்பம். கல்லூரியில் தாவரவியல் படித்தேன், பிறகு ஆசிரியர் பயிற்சி, பிறகு இரண்டு கிராமப் பள்ளிகள். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவிலிருந்த இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் நான் வாத்தியாரானேன். மூன்றாம் வகுப்பு என்னுடையது.

புத்தகத்தில் 'நமது சுற்றுப்புறம்' என்று பாடம் இருக்கும். அதை வாசித்துக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கையால் தொட்டால்தான் அந்த வயதில் எதுவும் மண்டையில் ஏறும். பள்ளிக்குப் பின்னால் குழி தோண்டி வாழையிலை, பால் கவர், அறுந்த சரிகை இழை மூன்றையும் புதைத்து, மழைக்காலம் முடிந்து தோண்டிப் பார்த்தோம். இலை இருந்த இடம் தெரியவில்லை. பால் கவரில் எழுத்துகூட அழியவில்லை. சரிகை கறுத்துச் சுருண்டிருந்தது. "சார், இத்த எங்கம்மா பார்த்தா அழுதுடும்" என்றது ஒரு பிள்ளை. செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் எலுமிச்சையையும் சோப்புத் தண்ணீரையும் விட்டு நிறம் மாறுவதைப் பார்த்தோம். சாயக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அன்று எனக்கே பாடம் நடத்தினார்கள்.

இதற்கெல்லாம் அனுமதி கொடுத்தவர் தலைமையாசிரியர் எஸ்தர் டீச்சர். கூரம் பக்கத்துக்காரர். பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அதை அவர் பெருமையாகவும் சொன்னதில்லை, குறையாகவும் சொன்னதில்லை. ஆனால் அவர் அறையில் யாரும் நின்றுகொண்டு பேசக் கூடாது. பெருக்க வருபவரானாலும், அதிகாரியானாலும், மூக்கொழுகும் பிள்ளையானாலும் முதல் வார்த்தை "உக்காருங்க" என்பதுதான். உட்கார்ந்த பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைத்து முடியும்வரை நாம்தான் பேச வேண்டும். மாட்டிக்கொண்டதும் கேள்விகள் வரும்.

பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதென்றால் அந்தக் கேள்விகள் எப்போதும் ஒன்றேதான். நீங்க முன்னாடியே நடந்து பார்த்தீங்களா? எங்க நாய் இருக்குது? குடிக்கத் தண்ணி எங்க? அந்த இடத்துல பிழைக்கிறவங்ககிட்ட சொல்லிட்டீங்களா? கடைசிக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். எல்லாம் முடிந்து நாம் எழும்போது "வேற ஏதாவது?" என்பார். நாம் "இல்ல டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் அடுத்த வேலையைத் தொடுவார்.

பறவைத் தட்டு யோசனை எனக்கு ஒரு கோடையில் வந்தது. அகலமான, ஆழமில்லாத மண்தட்டு. சின்னப் பறவை நின்று குடிக்க நடுவில் ஒரு கல். நிழலில் வைக்க வேண்டும், தினமும் காலையில் தண்ணீர் மாற்ற வேண்டும். பக்கத்தில் தீனியாக ஒரு கை நொய்யோ கம்போ. பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இதோடு ஒரு விளையாட்டையும் சேர்த்தேன். பிள்ளைகளின் வருகைப் பதிவு முடிந்ததும் பறவைகளுக்கும் வருகைப் பதிவு எடுப்பேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பறவை. நான் "மைனா" என்று கூப்பிட்டால், மைனாவுக்குரிய பிள்ளை அன்று காலையில் அதை நிஜமாகவே பார்த்திருந்தால் "உள்ளேன் ஐயா" என்று சொல்லலாம். பார்க்கவில்லையென்றால் வகுப்பே சேர்ந்து "லீவு!" என்று கத்தும். ஆந்தை கிடைத்த பையனுக்கு நாள் தவறாமல் லீவு. அழுது தீர்த்துவிட்டான். அவனுக்குக் காக்கையைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. அந்த விளையாட்டுக்கு இருந்த ஒரே விதி அதுதான். போட்டவன் நான்.

ரெஹானாவுக்குத் தவிட்டுக்குருவி. அது கூட்டமாக வந்து ஓயாமல் கத்தும் பறவை. "நீ பேசற பேச்சுக்கு அதான்டி சரி" என்று வகுப்பே ஒருமனதாகக் கொடுத்தது. அவளும் பெருமையாக வாங்கிக்கொண்டாள். அவளுடைய அப்பா இப்ராஹிம் பாய், தறிகளுக்கான டிசைன் அட்டைகளில் துளை போட்டுக் கொடுப்பவர். பள்ளிக்கு நேர் எதிரே மாடியில் குடியிருந்தார்கள். அந்தத் தெரு நெசவாளர்கள் கொடுக்கும் வேலைதான் அவருக்குச் சோறு.

எஸ்தர் டீச்சர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். "தெருவுல தறிக்காரங்ககிட்ட சொல்லிட்டீங்களா, சார்?"

"சொல்லிட்டேன் டீச்சர்."

சொல்லவில்லை. தெருமுனை டீக்கடை வரை போனேன். உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேலை செய்பவர்களை நிறுத்திக் குருவியைப் பற்றிப் பேசுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். குருவிக்குத் தண்ணீர் வைப்பதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்தத் தெருவில் நெசவுக்கு முன்பு பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் கடுமையாவதற்குள் காயவைத்து எடுப்பார்கள். பாவு நீட்டுவது என்பார்கள். தினமும் அதை ஒதுங்கித் தாண்டித்தான் நான் பள்ளிக்குள் போவேன். ஆனால் ஒரு நாளும் நிமிர்ந்து அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. மேலே கரண்ட் கம்பி இருந்தது.

ரெஹானா வீட்டில் தட்டை மாடியின் பின்பக்கம், கிணற்றுப் பக்கமாக வைத்திருந்தார்கள். அங்கேதான் தவிட்டுக்குருவிகள் வந்தன. எனக்கு அது போதவில்லை. முன்பக்கக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் எங்கள் வகுப்பிலிருந்தே எல்லோரும் பார்க்கலாமே என்று ஆசை. ஒரு மாலை மாடியேறிப் போய்ச் சொன்னேன்.

இப்ராஹிம் பாய் தயங்கினார். "முன்னாடி வேணாம் சார். பாவு நீட்டற தெரு."

"குருவி என்ன பாய் பண்ணிடப் போவுது?" என்று சிரித்தபடி நானே தட்டைத் தூக்கிப்போய் முன்பக்கச் சுவரில் வைத்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. மகளுடைய வாத்தியார் சொன்னால் மறுத்துப் பேசுகிறவர் இல்லை அவர்.

சில நாள் கொண்டாட்டமாக இருந்தது. மைனா, காக்கை, புறா எல்லாம் வந்தன. ரெஹானா ஜன்னல் பக்கம் கையை நீட்டி நீட்டித் தன் வீட்டைக் காட்டிக்கொண்டேயிருந்தாள். தட்டில் இடமில்லாத பறவைகள் கம்பியில் வரிசையாகக் காத்திருந்தன.

ஒரு காலையில் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குள் நுழையும்போது வாசலில் சத்தம். நெசவாளர் கண்ணப்பன். கையில் பாவின் ஒரு முனை. மாம்பழ மஞ்சள் பட்டு. அதன்மேல் அங்கங்கே கறுப்பும் வெள்ளையுமாகத் தீற்றல்.

"எவன்பா அது, செவுத்து மேல காக்காவுக்கு ஓட்டல் வெச்சிக் குடுத்தது?"

தெருவே பின்னால் நின்றது. யாரோ சிரித்தார்கள். கண்ணப்பன் சிரிக்கவில்லை.

"முகூர்த்தப் பொடவை இது. பொண்ணு கட்டிக்கினு மணையில குந்தும்போது, இன்னாபா முந்தாணில காக்கா எச்சம்னு கேட்டா நான் இன்னா சொல்றது? ரெண்டு நாளா பாத்துக்கினு இருக்கறேன். அங்க துன்னுட்டு வந்து, நேரா என் பாவுக்கு மேல கம்பியில குந்திக்கினு..."

அதற்குள் இப்ராஹிம் பாயும் படியிறங்கி வந்துவிட்டார். எஸ்தர் டீச்சர் எல்லோரையும் அறைக்குள் அழைத்தார். "உக்காருங்க" என்றார். கண்ணப்பன் உட்கார்ந்தார். பாவு மடியில் இருந்தது. ரெஹானா அவள் அப்பாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். டீச்சர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். பேச வேண்டியது என் முறை.

நான் சொன்னது இதுதான்: "நான் எல்லாரையும் வீட்டுக்குப் பின்பக்கம்தான் வெக்கச் சொன்னேன் டீச்சர். இந்தப் பொண்ணு தானா முன்னாடி மாத்தி வெச்சிருச்சு."

முன்கூட்டி யோசித்து வைத்த பொய் இல்லை. வாயைத் திறந்தேன், அது வந்தது. தெருவில் சொல்லவில்லை என்பது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம் மட்டும்தான் அப்போது என்னிடம் இருந்தது.

ரெஹானா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். "இல்லத்தா, சாருதான்..."

இப்ராஹிம் பாய் அவள் தலைமேல் கை வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார். அவள் நிறுத்திக்கொண்டாள். "சின்னப் புள்ள, தெரியாம பண்ணிருச்சு. மன்னிச்சுக்கணும்" என்று கண்ணப்பனைப் பார்த்துக் கைகூப்பினார். என்னை அவர் பார்க்கவே இல்லை.

"உன்கிட்ட இனிமே எவன் அட்டை குடுப்பான் பாய்? நீயே சொல்லு" என்றார் கண்ணப்பன்.

எஸ்தர் டீச்சர் கண்ணாடியை மாட்டி என்னைப் பார்த்தார். "வேற ஏதாவது, சார்?"

"இல்ல டீச்சர்."

அன்றே தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டோம். மறுநாள் காலையில் பறவை வருகைப் பதிவை மட்டும் நான் விடாமல் எடுத்தேன், எதுவும் நடக்காததுபோல. மைனா கூப்பிட்டேன். காக்கை கூப்பிட்டேன். தவிட்டுக்குருவி வரும் இடத்தில் என் நாக்கு எழவில்லை. அதைத் தாண்டிக் கிளிக்குப் போனேன். அதற்கு மறுநாளும் அப்படித்தான். பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். ஒருவரும் "லீவு" என்று கத்தவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவ்வளவு பேசிய பிள்ளை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்டாள்.

எதிர்மாடியில் அட்டை குத்தும் சத்தம் சில நாள் கேட்கவில்லை. பிறகு கேட்டது. அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது அந்த வீடு பூட்டியிருந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்தது. தெரு அவர்களை விரட்டிவிட்டது, விரட்ட வைத்தவன் நான் என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அது உறுதியாகிவிடுமே.

அதன் பிறகு எத்தனையோ செய்தேன். விதைப்பந்து, மூலிகைப் பாத்தி, கோயில் குளத்துத் தண்ணீரை மணலிலும் கரியிலும் வடிகட்டிக் காட்டுவது. என்னைப் பாராட்டினார்கள், பிற பள்ளிகளுக்குப் பயிற்சி கொடுக்கக்கூட அழைத்தார்கள். மண்தட்டை மட்டும் தொடவில்லை. எஸ்தர் டீச்சர் ஓய்வுபெறும் நாள் வரை, அவர் அறையிலிருந்து எழும்போதெல்லாம் "வேற ஏதாவது?" என்று கேட்டார். நான் "இல்ல டீச்சர்" என்றேன். சில வருடங்களுக்கு முன்பு அவர் இறந்துபோனார்.

போன வாரம் பள்ளிக்குப் போனேன். தாழ்வாரத்தில் பிள்ளைகள் மண்தட்டுகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர்களும் வந்திருந்தார்கள். தட்டுகள் எல்லாம் பள்ளியின் பின்பக்க வேப்பமரத்தடியில்தான் வைக்கப் போகிறோம், தெருவில் கேட்டுவிட்டோம் என்றார் கவிதா. அந்த வார்த்தையைக் கேட்டதுமே எனக்குப் பாதி பலம் வந்தது. பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, மேலே எழுதியிருப்பதை எல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பிள்ளையின் பெயரையும் சொன்னேன். "நான் பொய் சொன்னேன். அந்தப் பிள்ளை எந்தத் தப்பும் பண்ணல" என்று முடித்தேன்.

பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "சார், அது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியுமே!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பர்தா அணிந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். பக்கத்தில் பல் விழுந்த ஒரு சிறுமி. "ரெஹானா, சார். இது எம் பொண்ணு. ரெண்டாவது படிக்குது, இங்கதான்."

அவளே பேசினாள். அந்தப் பேச்சு மாறவில்லை. "அன்னிக்கு சாயங்காலமே எஸ்தர் டீச்சர் எங்க வீட்டு மாடி ஏறி வந்துட்டாங்க சார். 'நீ சொல்லுமா'ன்னாங்க. சொல்லிட்டேன். அப்படியே எங்க அத்தாவைக் கூட்டிக்கினு கண்ணப்பன் மாமா வீட்டுக்குப் போனாங்க. 'தப்பு எங்க பள்ளிக்கூடத்துது, இந்தப் புள்ள மேல இல்ல'ன்னு சொல்லிட்டு வந்தாங்க. மாமா அந்த மஞ்சளை அரக்குச் சாயத்துல முக்கிட்டாரு. இப்பவும் என்னைப் பாத்தா, 'உன் குருவி போட்ட கலர்மா, நல்லாத்தான் போச்சு'ம்பாரு."

"அப்ப ஏம்மா வீட்டைக் காலி பண்ணீங்க?"

"அத்தா கம்ப்யூட்டர்ல டிசைன் போடக் கத்துக்கிட்டாரு. மாடில கரண்டு நிக்காது. ஊருக்கு அந்தப் பக்கம் கீழ்வீடு பாத்துக் குடுத்ததே கண்ணப்பன் மாமாதான் சார்."

இத்தனை வருடம் நான் சுமந்த பூட்டிய வீடு அது. ஒரு நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டாள். விசாரித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

"டீச்சர் எங்கிட்ட ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"'சார் தானா வந்து சொல்வாரு, அதுவரைக்கும் நீங்க கேக்காதீங்க'ன்னு அத்தாகிட்ட சொன்னாங்களாம்."

அந்த "வேற ஏதாவது?" எதற்காகக் கேட்கப்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரிடம் சொல்ல இனி வழியில்லை. இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் அது ஒன்று.

இன்னொன்றையும் ரெஹானா சொன்னாள், சிரித்துக்கொண்டேதான். "நீங்க பொய் சொன்னதுகூட எனக்குப் பெருசா தெரியல சார். பெரியவங்க பயந்துட்டாங்கன்னு அத்தா சொல்லிட்டாரு. ஆனா அதுக்கப்புறம் நீங்க என் குருவியைக் கூப்பிடவே இல்ல. அதுக்குத்தான் வீட்டுக்குப் போயி அழுவேன். தினமும் பின்னாடி போயி பாத்துட்டுத்தான் வருவேன் சார். அதுங்க தட்டு இல்லாமலேயே வரும்."

மறுநாள் இப்ராஹிம் பாயின் கடைக்குப் போனேன். "விடுங்க சார்" என்று டீ வரவழைத்து, கம்ப்யூட்டரில் ஒரு மயில் பார்டரைப் பெரிதாக்கிக் காட்டினார். அதற்கு மேல் அவர் என்னைப் பேச விடவில்லை.

பள்ளியில் அன்று, ரெஹானா பேசி முடித்த பிறகு, முதல் தட்டை வேப்பமரத்தடியில் வைத்து நடுவில் கல்லையும் வைத்தேன். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கவிதா டீச்சர், "சார், அந்தப் பறவை அட்டெண்டன்ஸ் ஒரு தடவை எடுத்துக் காட்டுங்களேன்" என்றார். நான் எழுந்து நின்றேன். மைனா என்றோ காக்கை என்றோ தொடங்கவில்லை.

"தவிட்டுக்குருவி" என்று கூப்பிட்டேன்.

பெற்றோர் வரிசையிலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி, "உள்ளேன் ஐயா!"

மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் பறந்துவிட்டன. பல் விழுந்த சிறுமி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏம்மா கத்தற? எல்லாம் போயிடுச்சு பாரு!"

"வரும்டி" என்றாள் ரெஹானா. "உக்காரு."

நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.